ஆயிரத்தில் மூன்று

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'இருநூறு' என்று பெயர். யார் வைத்தது என்று இப்போது யாருக்கும் நினைவில்லை, ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாக இழுத்து, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்து, வெள்ளையணுக்களை வகைவகையாக எண்ணுவதுதான் அவள் வேலை. நூறு எண்ணினால் போதும் என்று மற்றவர்கள் எழுந்துவிடுவார்கள். அவள் மட்டும் எந்தத் தகடானாலும் இருநூறு எண்ணாமல் நாற்காலியை விட்டு அசையமாட்டாள். சாப்பாட்டு நேரம் தாண்டினாலும் சரி, கதவைப் பூட்டச் சாவியோடு ஆள் வந்து நின்றாலும் சரி.

"நூறுல தெரியாதது நூத்தியொண்ணுல தெரிஞ்சுட்டா?" என்பாள். அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்?

இருபத்து மூன்று வருடமாக அதே ஜன்னலோர நாற்காலி. தகட்டின் மேல் ஒரு துளி எண்ணெய் விட்டு, லென்ஸை இறக்கி, கண்ணைப் பொருத்தினாளென்றால் அறை மறைந்துவிடும். கீழே வெளிர் ரோஜா நிறத்தில் சிவப்பணுக்கள் விரிந்து கிடக்கும். அவற்றினிடையே ஊதாக் கருவைச் சுமந்துகொண்டு வெள்ளையணுக்கள், விளக்கேற்றிய படகுகள்போல அங்கொன்றும் இங்கொன்றும் நிற்கும். அந்த ஊதாவுக்குள் இறங்கிவிட்டால் மேலேறி வர அவளுக்கு மனம் வராது. சில நாள் வீட்டில் கண்ணயரும்போது இமைக்குள்ளும் அவை மிதந்து வரும். கை தன்பாட்டில் போர்வையின் மேல் எண்ணிக்கைப் பொத்தானைத் தட்டிக்கொண்டிருக்கும்.

கல்யாணத்துக்குக் கொஞ்ச காலம் தேடினார்கள், அமையவில்லை. பிறகு அவளே தேட வேண்டாம் என்றுவிட்டாள். கீழ்வீட்டில் அண்ணனும் அண்ணியும், மாடியில் இவள். அண்ணன் டவுன் பஸ் ஓட்டுநர். ஐந்து வயது மூத்தவர். சிறு வயதில் இருவருக்கும் ஒரு விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில் தொடங்கி எல்லாவற்றுக்கும் சண்டை. இப்போதும் காலையில் ஒரு சண்டை போட்டுக்கொண்டுதான் இருவரும் வேலைக்குக் கிளம்புவார்கள். போடாத நாளில் அண்ணிக்கு என்னவோ போலிருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முற்பகலில் அவள் எடுத்த ஒன்பதாவது தகட்டில் ஓர் எண் மட்டும் ஒட்டியிருந்தது. தகடுகளில் பெயர் இருக்காது. அதுதான் அங்கே வழக்கம். லென்ஸை இறக்கியதுமே தெரிந்துவிட்டது. படகுகளாக நிற்கவேண்டிய இடத்தில் கூட்டம். பெரிய கரு, மெல்லிய ஓரம், முதிராத முகங்கள். மஜ்ஜையைவிட்டு வெளியே வரக் கூடாத குழந்தை அணுக்கள் ரத்தத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. சிலவற்றில் ஊசிபோல ஒரு சிவந்த குச்சியும் இருந்தது. பொறுமையாக எண்ணினாள். இருநூறில் நூற்று நாற்பத்திரண்டு.

யாரோ பாவம் என்று நினைத்துக்கொண்டாள். இப்படி வந்தால் உடனே வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டும். கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டினாள். திரையில் அண்ணனின் பெயர் வந்தது.

அதே பெயரில் ஊரில் எத்தனையோ பேர் என்று ஒரு நொடி தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டாள். அடுத்த வரியில் பிறந்த தேதி. அதற்கடுத்த வரியில் அவளுடைய வீட்டு முகவரி.

தொலைபேசியை எடுத்து, நடுங்காத குரலில், எண்களை வரிசையாகச் சொல்லி முடித்தாள். பிறகு கை கழுவினாள். கழுவிக்கொண்டே நின்றாள். பக்கத்து மேசைக்காரர் வந்து குழாயை மூடினார்.

அண்ணன் கீழே புறநோயாளிகள் பகுதியில், சீருடையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஈறில் இரண்டு வாரமாக ரத்தம், முழங்கையில் காரணமில்லாமல் நீலத்திட்டு, படியேறினால் மூச்சு. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

"ஏன்ணா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ எண்ண ஆரம்பிச்சிடுவியே குட்டி." பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "எண்ணிட்டியா?"

அவள் தலையசைத்தாள்.

"எவ்வளவு?"

அவள் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முழங்கைத் திட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

அதன் பிறகு ஒரு மாதம் அவர் வார்டில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தார். ஏழு நாள் ஒரு மருந்து, அதில் மூன்று நாள் சேர்த்து இன்னொரு மருந்து. முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. வாயெல்லாம் புண். அண்ணி பகலெல்லாம் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே கேட்காது என்று தெரிந்தும் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். நான்காவது வாரம் மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். குடும்பத்து ஆள் என்பதால் அந்தத் தகட்டை அவள் தொடக் கூடாது. பக்கத்து மேசைக்காரர்தான் பார்த்தார். அவர் வேலை செய்யும்போது ஏதாவது மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பவர். அன்று முணுமுணுப்பு பாட்டாகவே ஆகிவிட்டது. "சுத்தம்மா! தேடித் தேடிப் பாத்தாச்சு" என்றார்.

மேலும் மூன்று தவணை மருந்துக்குப் பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தார். புது முடி சுருட்டையாக முளைத்தது. "இந்த வயசுல மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்றாள் அண்ணி. சில மாதத்தில் மறுபடி பஸ் ஓட்டவும் போனார். அவளும் ஊதா நிறத்துக்குள் திரும்பிப்போனாள். அந்த வருடம் முழுவதும் அவளுக்கு ஒரு கனவுபோலத்தான் கழிந்தது. நல்ல கனவு. அதில் மெதுவாக நடக்கவேண்டும், கதவைச் சத்தமாகச் சாத்தக் கூடாது, அவ்வளவுதான்.

பதினான்காம் மாதம் ஒரு காலை, பக்கத்து மேசையில் முணுமுணுப்பு நின்றது.

அவள் தலை நிமிரவில்லை. தன் லென்ஸுக்குள் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள். மெட்டு திரும்பத் தொடங்கும் என்று காத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் போனது, இன்னொன்று போனது. அவர் எழுந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அண்ணனின் நோய் திரும்பியிருந்தது.

அன்றிலிருந்து அவளைப் பிடித்துக்கொண்டது ஒரே எண்ணம். முதல் நாள் தகட்டில் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டோம். பழைய தகடுகளை அடுக்கிவைக்கும் பெட்டியிலிருந்து அண்ணனின் முதல் தகட்டை வெளியே எடுத்தாள். விதிப்படி தவறுதான். பக்கத்து மேசைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று மதிய இடைவேளை சாப்பிடாமல் உட்கார்ந்து இரண்டாயிரம் அணுக்களை எண்ணினாள். ஒன்றாவது வேறு மாதிரி இருக்காதா? ஓரத்தில், மடிப்பில், கருவின் நிறத்தில்? எல்லாம் ஒரே முகம். வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட இரட்டைப் பிள்ளைகளைப்போல அவளைப் பார்த்தன.

நான்காவது நாள் ஆஸ்பத்திரி மாடியிலிருந்து மர டாக்டர் அழைத்தார்.

மர டாக்டர் என்பது அந்த அம்மாள் வரைவதால் வந்த பெயர். ரத்தப் புற்றுநோய்க்காரர்களின் அணுக்களிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்து எழுத்தெழுத்தாகப் படித்து, எந்த எழுத்து எப்போது மாறியது என்று கண்டுபிடித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு மரம் வரைவார். நோயாளி சம்மதித்தால் முதல் நாள் மாதிரியில் கொஞ்சம் உறையவைத்து எடுத்து வைப்பார்கள். அண்ணன் அன்றே, "பஸ்ஸுக்குத்தான் உபரி டயர் வெப்பாங்க, எனக்குமா?" என்று கேட்டபடி கையெழுத்துப் போட்டிருந்தார்.

"அந்தக் குப்பியை நீங்களே எடுத்துத் தர்றீங்களா? இல்ல வேற யாரையாவது எடுக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டார் மர டாக்டர்.

"நானே எடுக்கிறேன்."

திரவ நைட்ரஜன் தொட்டியின் மூடியைத் திறந்ததும் வெண்புகை வழிந்து தரையெல்லாம் படர்ந்தது. முழங்கால்வரை மேகத்தில் நிற்பதுபோல இருந்தது. தடித்த கையுறையோடு இடுக்கியை உள்ளே விட்டு, சுண்டுவிரல் அளவுக் குப்பியை எடுத்தாள். பதினான்கு மாதத்துக்கு முந்தைய அந்தச் செவ்வாய்க்கிழமை, அந்த முற்பகல், அப்படியே உறைந்து அவள் கையில் இருந்தது. அதற்குள் இருப்பவற்றுக்கு மருந்து என்ற ஒன்று வரப்போவதே தெரியாது. அவளுக்குச் சட்டென்று ஒரு கிறக்கம் வந்தது. இதை உருகவிடாமலே வைத்திருந்தால் அதற்குப் பின் வந்த எதுவும் வராமலே போயிருக்குமோ என்று தோன்றியது. புகை கலைந்ததும் மூடியைப் போட்டாள்.

பத்து நாள் கழித்து மர டாக்டர் தன் அறையில் இரண்டு தாளை விரித்தார். வலதுபக்கத் தாளில், முதல் நாள் மரம். தடித்த தண்டு, மூன்று நான்கு கிளைகள். இடதுபக்கத் தாளில், இப்போதைய மரம். அதே தண்டு. ஆனால் பெரிய கிளைகள் எல்லாம் வெட்டுப்பட்டிருந்தன. ஒரே ஒரு கிளை பருத்து, அதன்மேல் இரண்டு புதுக் கிளை விட்டிருந்தது.

"இது புதுசா வந்த நோய் இல்ல, இருநூறு. நோய் அதேதான். அதுக்குள்ள ஒரு சின்ன பங்காளிக் குடும்பம் இருந்திருக்கு. மருந்து மத்த எல்லாரையும் அடிச்சுப் போட்டுது. இது மட்டும் தாக்குப்பிடிச்சு நின்னுது. இடம் காலியாச்சு, பெருகிடுச்சு. பெருகும்போது இன்னும் ரெண்டு எழுத்து மாத்தி எழுதிக்கிட்டுது."

"முதல் நாள்லயே இருந்ததா?" அவள் கேட்டது அவளுக்கே கேட்கவில்லை.

"இருந்தது. ஆயிரத்துல மூணு."

அவள் மனம் உடனே கணக்குப் போட்டது. ஆயிரத்தில் மூன்றென்றால் இருநூறில் ஒன்றுகூட வராது. ஆனால் அவள்தான் இரண்டாயிரம் எண்ணியிருக்கிறாளே. அப்படியென்றால் ஆறு. அந்த ஆறையும் அவள் பார்த்திருக்கிறாள். பார்த்து, எண்ணி, கடந்துபோயிருக்கிறாள்.

"நான் பாத்திருக்கேன் டாக்டர். பாத்தும் விட்டுட்டேன்."

மர டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எதைப் பாப்பீங்க? மாறினது உள்ள இருக்கிற எழுத்து. வெளிய எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சி. கண்ணு உங்களோடதா இருந்தாலும் சரி, எவரோடதா இருந்தாலும் சரி, தெரியாது. அன்னிக்கு எங்க மெஷினுக்கே தெரியல. இவ்வளவு கொஞ்சமா இருந்தா அது வெறும் இரைச்சல், படிக்கறப்ப வந்த பிழைன்னு தள்ளிடும். இப்ப எதைத் தேடறோம்னு தெரிஞ்சு, ஆழமாத் தோண்டினதால கிடைச்சுது." கொஞ்சம் நிறுத்தினார். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லாயிருந்திருக்குமேன்னு எனக்கும் இருக்கு. உங்களுக்கு மட்டும் இல்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அவளுக்கு அழுகை வந்தது. பதினான்கு மாத அழுகையையும் சேர்த்து அழுதாள். மர டாக்டர் அவசரப்படாமல் இரண்டு தாளையும் ஓரம்சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இந்தக் கிளைக்கு ஒரு பலவீனம் இருக்கு" என்றார் பிறகு. "அது எந்த மாத்தத்தால இவ்வளவு வேகமா வளருதோ, அதையே பிடிச்சு நிறுத்தற மாத்திரை இருக்கு. அது நிரந்தரம் இல்ல, கொஞ்ச நாள்ல அதுக்கும் தப்பிக்க வழி கண்டுபிடிச்சுடும். அதுக்குள்ள மஜ்ஜையை மாத்திடணும்."

எழுந்திருக்கும்போது அவள் தண்டின் அடியில் விரலை வைத்தாள். "இது எப்போ டாக்டர்?"

"முதல் எழுத்தா? இருபது வருஷம் முன்னாடி இருக்கலாம், முப்பதும் இருக்கலாம். அது நோயே இல்ல. அந்த ஒண்ணோட தொண்ணூறு வயசுவரைக்கும் நல்லா இருக்கறவங்க எத்தனையோ பேர். அதுக்கு மேல ஒண்ணு, அதுக்கு மேல ஒண்ணுன்னு சேரும்போதுதான் வினை. தேதி கேட்டீங்கன்னா, நான் ஜோசியர் இல்ல."

ஆனால் அவள் தேதியைத் தேடிக்கொண்டுதான் இருந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, மாடியறையில் சாயங்கால வெயில் சுவரிலிருந்து இறங்குவதைப் பார்த்தபடி, பழைய நாட்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவர் லைசென்ஸ் வாங்கி மழையில் தொப்பலாக நனைந்து, காகிதத்தை மட்டும் சட்டைக்குள் காயவைத்து வந்த நாளா? அவள் காலை முறித்துக்கொண்டபோது, திட்டிக்கொண்டே இரண்டு தெரு முதுகில் தூக்கிவந்தாரே, அந்த நாளா? கல்யாணப் போட்டோவில் சரியாகக் கண்ணைமூடிய அந்த நொடியா? எந்தப் படத்தைப் பார்த்தாலும் அதில் அவர் எலும்புக்குள், ஆழத்தில், இருட்டில், ஓர் அணு தன்னைப் பிரதியெடுத்துக்கொண்டிருந்தது, ஓர் எழுத்து பிசகியது, யாருக்கும் தெரியவில்லை, வெளியே அவர் சீட்டியடித்துக்கொண்டிருந்தார். எந்த நாளின் மேலும் அவளால் கோபப்பட முடியவில்லை. எல்லாம் நல்ல நாளாகவே இருந்தன.

அண்ணனிடம் மரத்தை வரைந்து காட்டினாள். அவர் கட்டிலில் சாய்ந்து கவனமாகக் கேட்டார்.

"இதுல என்ன அதிசயம்? தினம் நடக்கறதுதானே" என்றார். "கடைசி ஸ்டாப்புல எல்லாரும் இறங்குங்கன்னு கத்துவோம். பின் சீட்டுல ஒருத்தன் குனிஞ்சு படுத்திருப்பான். கண்டக்டர் கண்ணுல படமாட்டான். டெப்போவுக்குப் போனதுக்கு அப்புறம் எந்திரிச்சுப் பாத்தா மொத்த வண்டியும் அவனுக்குத்தான்."

"சிரிக்காதீங்க. இது விளையாட்டில்ல" என்றாள் அண்ணி.

"அழுதா மட்டும் இறங்கிடுவானா?"

மாத்திரை வேலை செய்தது. ஐந்து வாரத்தில் முதிராத அணுக்கள் குறைந்தன. அதற்குள் மஜ்ஜை தர ஆள் தேடவேண்டும். கூடப்பிறந்தவர்களுக்குள் பொருந்துவது நாலுக்கு ஒன்றுதான் என்றார்கள். அவளுடையது முழுக்கப் பொருந்தியது. அண்ணன் அந்தத் தாளைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். "ஒரு ஜன்னல் விஷயத்துல ஒத்துப்போகல. இதுல மட்டும் எப்படி?"

மஜ்ஜையின் தாயணுக்கள் ரத்தத்துக்குள் இறங்கிவர, ஐந்து நாள் அவளுக்கு ஊசி போட்டார்கள். இடுப்பெலும்பும் மார்பெலும்பும் பழுத்ததுபோல வலித்தன. ஆறாவது நாள், இரண்டு கையிலும் குழாயோடு நாலு மணிநேரம் ஒரு இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருந்தாள். ரத்தம் ஒரு கையால் போய் மறு கையால் வந்தது. நடுவில் எதையோ வடிகட்டி ஒரு சின்னப் பையில் சேர்த்துக்கொண்டே இருந்தது அது. செங்கல் கரைத்த தண்ணீர்போல ஒரு நிறம். அதன் ஒரே மாதிரியான சுழற்சிச் சத்தத்தில் அவள் கண் சொருகியது. தூங்கவுமில்லை, விழித்திருக்கவுமில்லை. தன் உடம்பிலிருந்து நூல்பிரிவதுபோல ஏதோ மெல்லப் பிரிந்து, தாழ்வாரத்தைக் கடந்து, கண்ணாடிக் கதவைத் தாண்டி அண்ணனின் எலும்புக்குள் வழிகேட்டுக்கேட்டு நடந்துபோவதாக உணர்ந்தாள். கடும் மருந்தால் பழைய மஜ்ஜையை முன்பே அழித்துவைத்திருந்த அவருக்குப் பிற்பகல் அந்தப் பையை ஏற்றினார்கள். முக்கால் மணிநேரம். அவ்வளவுதான்.

பதினேழாம் நாள் அவர் ரத்தத்தில் புது வெள்ளையணுக்கள் தென்பட்டன. அடுத்த மாதம் உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. வந்த அணுக்கள் அவர் உடம்பை அந்நியமென்று நினைத்துச் சண்டைபிடிக்கின்றன என்றார் வார்டு டாக்டர்.

"எதிர்பாத்ததுதான். உள்ள போயும் விடமாட்டேங்கறா" என்றார் அண்ணன்.

கொஞ்சம் சண்டை இருப்பது நல்லதுதானாம்; மிச்சம்மீதி ஒளிந்திருக்கும் நோயணுக்களையும் அவை விரட்டிப் பிடிக்குமாம். மருந்து கொடுத்து அளவாக அடக்கிவைத்தார்கள். அவருடைய ரத்தப் பிரிவே அவளுடையதாக மாறிவிட்டது. அதைக் கேட்டதும் அண்ணி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஒரு நாத்தனாரோட குடித்தனம் பண்றதுக்கே எனக்கு மூச்சு முட்டுது. இப்போ புருஷனும் நாத்தனாராயிட்டாரா?"

அவள் தலையில் கைவைத்ததைக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கமிருந்து பார்த்து அவர் சிரித்தது வெளியே கேட்கவில்லை. தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது. அண்ணி திரும்பி இவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், வெகுநேரம் விடவில்லை.

நூறாவது நாள் மர டாக்டர் மறுபடி எழுத்தெழுத்தாகப் படித்தார். பருத்த கிளை இல்லை. புதுக் கிளைகள் இல்லை. தண்டே இல்லை. இருபது முப்பது வருடமாகக் கூடவே இருந்த அந்த முதல் எழுத்தும் போய்விட்டது. "தாள் காலியா இருக்கு" என்றார். "இப்பவே குணமாயிடுச்சுன்னு சொல்லமாட்டேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவை தோண்டிப் பாத்துட்டே இருப்போம். அஞ்சு வருஷம் போகட்டும்."

இப்போது மூன்று வருடமாகிறது. வாய் வறட்சி போகவில்லை. சட்டென்று எழுந்தால் முட்டி பிடித்துக்கொள்கிறது. பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓட்ட அவருக்கு அனுமதியில்லை. டெப்போவில் நேரக்காப்பாளர் அறையில் வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒலிபெருக்கியில் அவர் குரல் பஸ்களை அதட்டுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பரிசோதனைக்கு முந்தைய வாரம் மட்டும் வீட்டில் யாரும் யாரோடும் சண்டைபோடுவதில்லை. முடிவு வந்த மறுநாள் காலை ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று தொடங்கிவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை டெப்போவில் ஆள் குறைவு. ஒரு வண்டியைக் கொட்டகையிலிருந்து கழுவுமிடத்துக்குக் கொண்டுபோகவேண்டும், நூறு அடி தூரம். மேலதிகாரி சாவியை நீட்டி, "நீங்களே எடுத்து விடுங்களேன்" என்றார். அன்று அவளும் அண்ணியும் அவரை அழைத்துப்போக வந்திருந்தார்கள். அண்ணி ஏற மறுத்து, வாயைப் பொத்தியபடி வெளியிலேயே நின்றுவிட்டாள். இவள் மட்டும் ஏறி, அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள்.

இருக்கையை முன்னே தள்ளினார். கண்ணாடியைச் சரிசெய்தார். அவசரமே இல்லாமல் கியரைப் போட்டார். வண்டி ஒரு பெருமூச்சு விட்டு நகர்ந்தது. கழுவுமிடத்துக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் தண்ணீர் பீறிட்டு ஜன்னல்களில் வழிந்தது. சோப்பு நுரை மேலேயிருந்து மெதுவாக இறங்கி, ஒவ்வொரு கண்ணாடியாக மூடியது. வெயில் நுரைக்குள் புகுந்து உள்ளே பால் நிறத்தில் பரவியது. டெப்போ தெரியவில்லை, அண்ணி தெரியவில்லை, காலியான இருக்கைகள் எல்லாம் வெளிச்சத்தில் மிதப்பதுபோல இருந்தன. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவர் கையின் பின்புறத்தில் நரம்பு மெல்ல அடித்துக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே எங்கிருந்தோ அண்ணியின் குரல், "மெதுவா... மெதுவா!" என்றது.

"வண்டி நிக்குதுடீ!" என்று கத்தினார் அவர். பிறகு முன்கண்ணாடியைக் கூர்ந்து பார்த்துவிட்டு, பொத்தானை இரண்டு முறை அழுத்தினார்.

"குட்டி, இந்த வைப்பர் வேலை செய்யல. நாளைக்கு எழுதிக் கொடுக்கணும். ஞாபகப்படுத்து."